பெயரே முதல்

(அம்பத்தூரில் சிறுதொழிலரும் கடையினரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

பட்டறையை அடைத்துவிட்டும், மாலை வணிகத்தை விட்டுவிட்டும் இங்கு வந்து அமர்ந்திருக்கும் தொழில் உறவுகளே!

சிறுதொழில் வளர வழி என்ன என்று பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் பொருளியல் கற்றவன் அல்லன், மொழித் தொண்டன். ஆயினும் மொழிக்கும் தொழிலுக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. நீங்கள் உங்கள் பொருளுக்கு இடுகின்ற பெயரே அப்பாலம். அதனைப் பற்றியே பேசப் புகுகின்றேன்.

இவ்வம்பத்தூரில் எனக்கு நெடுநாள் பழக்கமான கடைசல் தொழிலர் ஒருவர் உண்டு. இரண்டு கடைசல் பொறிகள், ஒரு துளைப்பொறி, உடனுழைப்போர் மூவர். இவ்வளவே அவர்தம் தொழிலகம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய ஆலைக்கு ஊர்தி உறுப்புகளைக் கடைந்து கொடுத்தார். மயிரிழைப் பிழையும் வாராமல் கடைந்தார். 2019-ஆம் ஆண்டில் ஊர்தி வணிகம் நாடு முழுவதும் சரிந்தது. ஆலையிலிருந்து வேலை வருவது நின்றது. அவர் தம் கைப்பட்ட உறுப்புகள் சிலவற்றைப் பையிலிட்டுக்கொண்டு, உதிரி உறுப்புக் கடை ஒன்றின் படியேறினார். கடைக்காரர் அவற்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், குறை காணவில்லை. "வேலை நல்லாத்தான் இருக்குது ஐயா. ஆனா, இது என்ன பேருல வருது?" என்று கேட்டார்.

அவ்வொரு கேள்விக்கு அவரிடம் விடையில்லை. திறம் இருந்தது, உழைப்பு இருந்தது, நேர்மை இருந்தது. பெயர் இல்லை! இருபது ஆண்டுகளாக அவர் ஈட்டிய நற்பெயரெல்லாம் வேறொருவர் பெயரின்மேல் ஏறிப் போயிருந்தது. வெறும் பையோடு சென்றவர் போலவே அவர் திரும்பினார்.

பெருமக்களே, இஃது அவர் ஒருவரின் கதையா? இப்பகுதி முழுமையின் கதையும் அதுவே. 1949-இல் ஓர் ஆங்கிலேயக் குழுமத்தின் கூட்டோடு அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலகம் தோன்றிற்று. வண்டியைச் செய்த கைகள் தமிழ்க் கைகள். வண்டியின் நெற்றியில் எழுதப்பட்ட பெயர்களோ எர்க்குலிசு, பி.எசு.ஏ. என்பன. ஆவடியில் 1961-இல் படை ஊர்தித் தொழிலகம் நிறுவப்பட்டது. அங்கிருந்து உருண்டு வெளிவந்த கவச ஊர்திகளுக்கு விசயந்தா என்றும், அருச்சுன் என்றும், பீசுமா என்றும் பெயரிட்டனர். ஊர் நமது, உலைக்களம் நமது, வியர்வை நமது, பெயர் மட்டும் பிறரது! பூவையே தன் பெயரில் தாங்கிய பூந்தமல்லியின் நிலையென்ன? ஆங்கிலப் பலகையில் அது பூனமல்லியாகிப் பூவை இழந்து நிற்கின்றது.

பெயரிடுவது நமக்குப் புதிய கலையா? அன்று. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளைப் பாருங்கள். அவற்றில் ஆட்பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. எகித்து நாட்டின் செங்கடற் கரையில், குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையிலும் அத்தகைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. இன்று மேலைநாட்டு வணிக நூல்கள் புதிய கலை என்று கற்பிக்கும் வணிகக்குறி, நம் முன்னோர் பானையிலும் மூட்டையிலும் இட்ட குறியே ஆகும்.

"தமிழ்ப் பெயர் வைத்தால் பொருள் விலைபோகுமா?" என்று கேட்போர் உளர். அவர்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. இதே அம்பத்தூரில் உள்ள பால்பண்ணையின் வாயிலில் நிறுத்தினால் போதும். 'ஆவின்' என்னும் பெயரை நோக்குங்கள். 'ஆ' என்பது ஓரெழுத்துச் சொல், பசுவைக் குறிப்பது. 'இன்' சேர, ஆவின் என்றாயிற்று. ஆவின் பால் என்றால் பசுவினது பால். இலக்கண நூலில் உறங்கிக் கிடந்த ஒரு சொல், உழவர்களின் கூட்டுறவு அமைப்பொன்றின் பெயராகி, நாள்தோறும் விடியலில் வீட்டு வாயில்தோறும் வந்து நிற்கின்றது. தமிழறியாத வடவரும் அப்பெயரைச் சொல்லியே பால் கேட்கின்றனர். எவரேனும் "இது தூய தமிழாயிற்றே, எனக்கு வேண்டா" என்று மறுத்ததுண்டா? பால் நன்றாயிருந்தது, பெயர் சுருக்கமாயிருந்தது, உறையின் நிறம் எழுத்தறியாதவர்க்கும் அடையாளமாயிற்று. நீல உறை என்றால் இன்ன பால், செம்மஞ்சள் உறை என்றால் இன்ன பால் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஒரு வணிகக்குறிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, பெயரிடும்போது கருத வேண்டியவற்றைச் சொல்கின்றேன். ஒரே மூச்சில் சொல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும்; இரண்டு மூன்று அசைகளே போதும். கேட்டவர் பிழையின்றி எழுதத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பிறர் பெயரின் சாயல் இருத்தல் கூடாது. ஒன்று மிக முகன்மையானது. வெறுமனே பண்டத்தையோ அதன் தன்மையையோ சொல்லும் பெயரை நீங்கள் உங்களுக்கே உரிமையாக்கிக் கொள்ளுதல் அரிது. 'நல்லெண்ணெய்' என்பதையோ 'தூய நெய்' என்பதையோ எவரும் தமக்கென்று வளைத்துக்கொள்ளல் இயலாது. 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் அத்தகைய பெயர்களுக்குப் பதிவை மறுக்கின்றது. பண்டத்தோடு நேர்த்தொடர்பில்லாத, ஆயினும் செவிக்கினிய சொற்கள் வேண்டுமெனின், நம் பழஞ்சொற் கருவூலத்தைத் திறவுங்கள். பிறர் எவரும் கையாளாத சொற்கள் அங்கு ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தமிழ்ப்பற்றும் வணிகச் சூழ்ச்சியும் ஒரே வழியைக் காட்டும் இடம் இது.

பெயரைத் தேர்ந்தபின் பதிவு செய்யுங்கள். வணிகக்குறிப் பதிவகத்தின் சென்னை அலுவலகம் நம் கிண்டியிலேயே உள்ளது. பண்டங்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியாளும் சிறுதொழிலகமும் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 உருபா கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்கு நிற்கும். பின்னர்ப் புதுப்பித்துக் கொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே உங்கள் குறியைப் பதியலாம். ஆனால் அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரவேண்டுமென்று விதி கூறுகின்றது. இந்தியில் எழுதுவார்க்கு இச்சுமை இல்லை. நமக்கு உண்டு. இக்குறையை நீக்கக் குரல் கொடுப்போம். அதுவரை அச்சுமையைச் சுமந்தேனும் பதிவு செய்வோம்.

கடைப்பலகையைப் பற்றியும் ஒரு சொல். கடைப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்னும் அரசாணை 1977-இலேயே வந்தது. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிற மொழிக்கு இரண்டு பங்கு என்பது வகுக்கப்பட்ட அளவு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒருமுறை நடந்து சென்று, எத்தனைப் பலகைகளில் அவ்வளவு காணப்படுகின்றது என்று எண்ணிப் பாருங்கள். தண்டத்துக்கு அஞ்சி மூலையில் ஒட்டப்படும் தமிழ் எனக்கு வேண்டா. தன் பெயரைத் தன் மொழியில் எழுதுவதில் பெருமை கொள்ளும் கடைக்காரரே எனக்கு வேண்டும்.

இனி, பெயரை நாடறியச் செய்யும் வழிக்கு வருவோம். முன்னாளில் செய்தித்தாளில் விளம்பரம் தரவேண்டும், சுவரில் எழுதவேண்டும், பெருமுதல் படைத்தவனே அவற்றைச் செய்வான். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே உங்கள் அச்சகம். அதுவே உங்கள் படப்பிடிப்பு நிலையம். யூடியூபாகிய வலையொளி, இன்சுடாகிராமாகிய படவரி, வாட்சப்பாகிய புலனம், முகநூல் ஆகிய நான்கும் சிறுதொழிலர்க்கு வாய்த்த நான்கு சந்தைகள். தமிழில் தட்டெழுத இயலாதென்னும் சாக்கும் இன்றில்லை. 1999-இலேயே சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையை வகுத்துத் தந்துவிட்டது.

அங்கே எதைக் காட்டுவது? புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைப் பாருங்கள். அவ்வூரில் ஒரு முதியவரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் 2018-இல் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படம்பிடித்து வலையொளியில் இட்டனர். அரங்கம் இல்லை; ஒப்பனை இல்லை; ஆங்கிலம் கலந்த கொஞ்சுமொழி இல்லை. அம்மியும் அடுப்பும் அவர்தம் ஊர்த்தமிழுமே இருந்தன. 2021-இல் ஒரு கோடிப் பேர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். தமிழ் வலையொளிகளுள் அவ்வெல்லையை முதலில் எட்டியது அதுவே. தமிழ் தெரியாதவரும் அதனைக் காண்கின்றனர். அவர்கள் தம் நிகழ்ச்சிக்கு 'வில்லேசு குக்கிங் சேனல்' என்று ஆங்கிலப் பெயர் இட்டமை நமக்கு வருத்தமே. ஆனால் உலகை ஈர்த்தது அப்பெயரா? அன்று, அவர்தம் மெய்யான வேலையே ஈர்த்தது.

அதுபோல உங்கள் வேலையைக் காட்டுங்கள். இரும்பு கடைசற் பொறியில் சுருள்சுருளாக உதிர்வதைக் காட்டுங்கள். மாவு அரைபடுவதை, தோல் தைக்கப்படுவதை, மரம் இழைக்கப்படுவதைக் காட்டுங்கள். விலையை மறைக்காமல் சொல்லுங்கள். பொருளை எவ்வாறு பேணுவது, எதனால் பழுதாகும், பழுதானால் எப்படிச் சீர்செய்வது என்று கற்றுக் கொடுங்கள். கற்பித்தவரை மக்கள் மறவார். கிழமைக்கு இருமுறை என்று வரையறுத்துக் கொண்டால் அவ்விருமுறையும் தவறாதீர்கள். கேட்டவர்க்கு அன்றே விடை கூறுங்கள். குறை சொன்னவரை ஏசாதீர்கள். குறையைச் சீர்செய்து, அதனையும் எல்லாரும் காணச் சொல்லுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காசுக்கு வாங்கும் இழிசெயல் வேண்டா. பொய்த்தலைகள் பொருள் வாங்கா. எங்கும் ஒரே பெயர், ஒரே எழுத்துரு, ஒரே நிறம் இருக்கட்டும். பலகையில் ஒன்று, பற்றுச்சீட்டில் ஒன்று, படவரியில் ஒன்று என்றிருந்தால் அது பெயராகாது, குழப்பமாகும்.

இன்னொரு செய்தி. சோகோ என்னும் நம் நாட்டு மென்பொருள் நிறுவனம் 2021-இல் ஒரு செய்திச் செயலியை வெளியிட்டு, அதற்கு 'அரட்டை' என்று பெயரிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில், ஆப்பிள் செயலிக் கடையின் குமுக வலைத்தள வரிசையில் அஃது இந்தியாவில் முதலிடத்துக்கு ஏறிற்று. இப்பெயர் வாயில் நுழையவில்லை என்று வடபுலத்தார் சிலர் குறைபட்டனர். ஆயினும் பெயர் மாறவில்லை. வாயில் நுழையாத எத்தனை அயற்பெயர்களை நாம் பழகிக்கொண்டோம்! பிறரும் நம் சொல்லைப் பழகட்டுமே! எனினும் ஏறிய விரைவு சில கிழமைகளில் தணிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெயர் ஒருமுறை கதவைத் திறக்கும். மறுமுறையும் மக்கள் வருவது நாள்தோறும் கிடைக்கும் பயனாலேயே.

இங்கு நம்மவர்க்கும் ஒரு கடுஞ்சொல் கூற வேண்டியுள்ளது. தூயதமிழ்ப் பலகை மாட்டிவிட்டேன், தமிழர்கள் என்னிடமே வாங்கக் கடமைப்பட்டவர்கள் என்று எண்ணும் அன்பர்கள் சிலர் உளர். எடையில் குறைவு, சொன்ன நாளில் பொருள் வாராமை, கேட்டால் சீற்றம்! இவர்கள் தம் கடையை மட்டும் கெடுக்கவில்லை. "தமிழ்ப் பெயர்க் கடை இப்படித்தான்" என்று பிறர் பேச வழிசெய்து, தமிழையும் கெடுக்கின்றனர். தமிழ்ப் பெயரிட்டவன் பிறரினும் இருமடங்கு நேர்மையாய் இருத்தல் வேண்டும். அவன் தோளின்மேல் அமர்ந்திருப்பது அவன் பெயர் மட்டுமன்று. அவன் மொழியின் பெயருமாம்.

தொடக்கத்தில் சொன்ன கடைசல் தொழிலருக்கு மீள்வோம். அவர் வீட்டில் முறுக்கு பிழியும் பழைய நாழி ஒன்று உடைந்தது. அதனைப் போலவே, அதனினும் செப்பமாக ஒன்றை அவர் கடைந்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அதற்கொரு பழந்தமிழ்ப் பெயரைத் தேர்ந்து, அடியில் பொறிக்கச் செய்தாள். தந்தை கடைவதையும் தாய் பிழிவதையும் கைப்பேசியில் படமெடுத்துப் படவரியில் இட்டாள். முதல் மூன்று திங்கள் எவரும் வாங்கவில்லை. அவள் விடவில்லை. பின்னர் ஆவடியிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒருவர், மலேசியத் தமிழர் ஒருவர் என்று கேட்கத் தொடங்கினர். அவர் பெருஞ்செல்வர் ஆகிவிடவில்லை. ஆலை வேலையும் மீண்டும் வருகின்றது; அதனையும் செய்கின்றார். ஆனால் இன்று அவர்தம் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அவர்தம் சொந்தப் பெயரில் வெளிச்செல்கின்றது. அப்பெயரை இங்கு நான் சொல்லேன்; அவர்க்கு விளம்பரம் செய்ய நான் வரவில்லை.

அண்மையில் அவரைக் கண்டபோது, புதிதாகக் கடைந்த நாழி ஒன்றை என் கையில் கொடுத்து, "திருப்பிப் பாருங்கய்யா" என்றார். திருப்பினேன். அடியில் தமிழ் எழுத்து. "இனிமே எவன் கேட்டாலும் சொல்றதுக்குப் பேரு இருக்குதய்யா" என்றார்.

பெருமக்களே! நீங்கள் செய்யும் பொருளை இன்றிரவு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் யார் பெயர் இருக்கின்றது? பிறர் பெயராயின், உங்கள் பெயரைப் பொறிக்கும் வேலையை நாளையே தொடங்குங்கள். ஆங்கிலப் பெயராயின், தமிழில் ஒன்று தேடுங்கள். பெயரே இல்லையாயின், இன்றிரவே வீட்டாரைக் கூட்டி வைத்துப் பெயர் சூட்டுங்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது போன்ற விழா அது!

தொழில் வெல்க! தமிழ் வெல்க!