கடைத்தெருவில் வாழும் தமிழ்

(குடந்தையில் நடந்த திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'பெயர்ப்பலகையும் தமிழும்' என்பது. பெயர்ப்பலகையைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியாகிவிட்டது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைச் சார்ந்த நெறிகளுள் 15ஆவது நெறி, பலகையில் தமிழ் இருந்தே ஆக வேண்டும், பிறமொழி எழுத்து இருப்பின் அது தமிழுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது. அந்நெறி தாளில் இருக்கிறது, தெருவில் இல்லை. அதற்காக முறையிட்டோம், இன்னும் முறையிடுவோம். ஆனால் நம்மவர்கள் ஆண்டுக்கணக்காகப் பலகையை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கொண்டார்களேயன்றி, அப்பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தார்கள் இல்லை. இன்று உள்ளே போவோம்.

குடந்தையின் நடுப்பகுதி உங்களுக்குத் தெரியாததன்று. கும்பேசுவரர் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் இடையிலும், பொற்றாமரைக் குளத்தின் சுற்றுப்புறத்திலும், பெரிய கடைத்தெருவிலும், ஒரே வகைப் பொருளை விற்றுத் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கும்பேசுவரர் கோயிலின் கிழக்கு வாயிலில் நுழைவோரை இறைவனுக்கு முன்பு கடைக்காரர்தாம் வரவேற்கிறார். நெடிய தூண்வரிசையின் இருமருங்கும் கடைகள். எல்லாப் பொருளும் விற்கும் பேரங்காடியில் நிற்கும் பிள்ளைக்கு விலைச்சீட்டின் கோடுகள் தெரியும். இக்கடைகளில் நிற்பவருக்குப் பொருளின் பிறப்பு வளர்ப்பு தெரியும். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் குறையில்லை. அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தராததுதான் அப்பேரங்காடியின் ஊதியத்துக்கு வழி.

முதலில் ஏனக்கடை. பலகையில் 'பாத்திரக்கடை' என்றுதான் இருக்கும். 'மெட்டல் மார்ட்' என்று இருந்தாலும் வியப்பில்லை. பாத்திரம் வடசொல் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஈடான தமிழ்ச்சொல்லைத் தேடி நம்முள் சிலர் அகரமுதலியைப் புரட்டிக் கொண்டிருக்க, வயலில் நாற்று நட்டுவிட்டு வந்த சோழநாட்டுத் தாய் 'ஏனம் கழுவணும்' என்று சொல்லிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறார். நாம் புதிதாகப் படைக்க முனையும் சொல்லை அவர் இடுப்பில் சுமந்து செல்கிறார்!

அக்கடைக்குள் நுழைந்து கேளுங்கள். தவலை, குண்டான், அடுக்கு, தோண்டி, குடம், சருவம், உருளி, தூக்கு, செம்பு, கிண்ணி, சிப்பல், பாலாடை. ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு பணி. சோறு வடிக்கச் சிப்பல். பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடை. ஒன்றனுள் ஒன்றாக அமர்வது அடுக்கு. கைப்பிடியில் தூக்கிச் செல்வது தூக்கு. மகளுக்குச் சீர் வாங்க வரும் முதியவர் இப்பெயர்களைச் சொல்லித்தான் வாங்குவார். கடைக்காரரும் ஏணியில் ஏறி மறுசொல் கேளாமல் அதனையே எடுத்துத் தருவார். அவர் பெயர்த்தி வந்தால் 'பெரிய பாத்திரம்', 'சின்ன பாத்திரம்' என்று கைகளை விரித்துக் காட்டுகிறாள். பன்னிரண்டு சொற்கள் இருந்த இடத்தில் ஒரு வடசொல்லும் இரண்டு கைகளும் மிஞ்சின. கடன்சொல் ஒன்று வந்தால் ஒரு தமிழ்ச்சொல் போகும் என்று எண்ணுகிறோம். அது தவறான கணக்கு. ஒரு கடன்சொல் ஒரு குடியையே வெளியேற்றும்.

அங்கே ஈயச்செம்பைக் கேட்டுப் பாருங்கள். சாறு வைக்கும் அச்செம்பைக் கையில் தரும்போதே, 'வெறுஞ்செம்பை அடுப்பில் வைக்காதீர்கள், நீரோ சாறோ ஊற்றிய பிறகு ஏற்றுங்கள்' என்று கடைக்காரர் சொல்லித் தருவார். வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும் என்பதை அவர் எண்ணால் அறியமாட்டார், கையால் அறிவார். அது வெள்ளீயம்தான், காரீயம் அன்று, காரீயம் உடம்புக்கு ஆகாது என்றும் சொல்வார். இரு மாழைகளை நிறத்தால் பிரித்து, ஈயம் என்னும் ஒரு வேரில் இரு கிளையாக நம் முன்னோர் வைத்த பெயர்கள் இவை. நம் பிள்ளைகளோ வேதியியல் வகுப்பில் 'டின்' என்றும் 'லெட்' என்றும் உருப்போடுகின்றனர். அறிவியலுக்குத் தமிழ் போதாது என்று சொல்லும் பேராசிரியர்களை ஒரு மாலைப்பொழுது அக்கடையின் திண்ணையில் உட்கார வைத்தால் போதும்.

'ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும்' என்று வழங்குகிறோம். பித்தளை ஏனத்தின் உட்புறம் களிம்பேறாமல் இருக்க ஈயம் பூசுவதைக் கண்டவனுக்கே அப்பழமொழி விளங்கும். அத்தொழிலுக்கே 'கலாய்' என்ற அயற்சொல்லும் தெருவில் வழங்குகிறது. அதைக் கேட்டதும் நம் தோழர் ஒருவர் கடைக்காரரைத் திருத்தப் புறப்பட்டுவிட்டார்! வேண்டா. உழைப்பவரை வெட்கப்படுத்தித் தமிழ் வளர்ந்ததில்லை. ஈயம் பூசித் தாருங்கள் என்று நாம் கேட்டால், பூசித் தந்தேன் என்று அவர் சொல்லப்போகிறார், அவ்வளவே.

அடுத்து வெற்றிலைக் கடை. குடந்தைக் கொழுந்து வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அரசு இலையின் பெயரைப் பதிவு செய்தது. அந்த இலையோடு கூடிய சொற்களைப் பதிவு செய்தது யார்? விளையும் இடம் கொடிக்கால். கட்டு கவுளி, அதன் கணக்கு ஊருக்கு ஊர் வேறுபடும். கூடவே கொட்டைப்பாக்கு, களிப்பாக்கு, இவ்வூருக்கே பெயர் தேடித் தந்த சீவல். நறுக்குவதற்குப் பாக்குவெட்டி, வைப்பதற்கு வெற்றிலைச் செல்லம். சீவியது சீவல், வெட்டுவது வெட்டி. ஐந்து அகவைக் குழந்தைக்கும் விளங்கும் பெயர்கள். இன்னொன்றும் சொல்வேன். வெற்றிலையும் அடைக்காயும் மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் வாயில் ஏறி மேலைநாடு போயின. ஆங்கிலத்தில் 'பீட்டல்' என்றும் 'அரிக்கா' என்றும் வழங்குவன அவைதாம். கயிறு 'காயர்' ஆனதும் அவ்வழியேதான். கொடுத்தவர்கள் நாம், கொடுத்ததை மறந்துவிட்டு இன்று 'பீட்டல் ஷாப்' என்று பலகை எழுதுகிறோம்.

நாட்டு மருந்துக்கடையைப் பற்றி ஒரு முழு உரையே ஆற்றலாம். இன்று ஒரே ஒரு சொல். வசம்பைக் குழந்தை உள்ள வீட்டார் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். 'பேர்சொல்லா மருந்து' என்பார்கள், 'பிள்ளைவளர்ப்பான்' என்பார்கள். பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கே இரண்டு பெயர் வைத்த மொழி இது.

இவற்றையெல்லாம் பேச்சுவழக்கு, இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று முகம் சுளிப்போர் நம்முள்ளும் உண்டு. அவர்கள் தொல்காப்பியத்தைப் பார்க்கட்டும். அளவுப்பெயரும் நிறைப்பெயரும் ஒன்பது எழுத்துகளில்தாம் தொடங்கும் என்று எழுத்ததிகாரத்தில் தொல்காப்பியர் எண்ணி வைத்திருக்கிறார். கடைத்தெருவில் நின்று காது கொடுத்துக் கேளாத ஒருவர் இதனை எண்ணியிருக்க முடியுமா? உரை எழுத வந்த இளம்பூரணர் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டில், அகல், உழக்கு என்று எடுத்துக்காட்டுத் தருகிறார். பாருங்கள், முக்கால் பங்கும் ஏனங்களின் பெயர்! சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது செம்பு செய்வோர், உப்பு விற்போர் என ஒவ்வொரு தொழிலாரையும் தனித்தனியே பெயர் சொல்லி நிறுத்துகிறது. மணிமேகலை பாடிய சாத்தனார் யார்? மதுரைக் கூலவாணிகன். இளவேட்டனார் அறுவை வாணிகன், அதாவது துணிக்கடைக்காரர். ஓலைக்கடையைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவரும் கழகக்காலத்தில் உண்டு. முல்லைப்பாட்டைத் தந்த நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் மகன். கல்லாவில் உட்கார்ந்தவர்கள் பாடிய பாட்டைத்தான் நாம் கல்லூரியில் பட்டத்துக்குப் படிக்கிறோம்.

இனி, நம்மைச் சுடும் செய்திக்கு வருகிறேன். 'வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல' என்பார்கள். அந்த யானை இப்போது மெய்யாகவே புகுந்துவிட்டது. ஆனால் ஓசையில்லாமல் புகுந்திருக்கிறது. இணையத்தில் ஒரு விரல் அழுத்தினால் வீட்டு வாயிலில் நெகிழிக் குடம் வந்து இறங்குகிறது. 2021இல் குடந்தை மாநகராட்சி ஆனது. ஊர் பெருத்தது, கடைத்தெருவில் வாடகையும் பெருத்தது. தந்தையின் ஏனக்கடையை விற்றுவிட்டு மகன் வெளியூரில் வேலைக்குப் போகிறான். அவன் போவதைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை? நெடுஞ்சாலைதோறும் பித்தளைக் குவளையை வைத்துக்கொண்டு இவ்வூர்ப் பெயரில் குளம்பி விற்கிறார்கள். அவர்களுள் பலர் இவ்வூரைக் கண்ணால் கண்டதுமில்லை. ஊர்ப்பெயருக்கு விலை இருக்கிறது, ஊர்க்கடைக்கு இல்லை.

ஒரு கடை மூடினால் நாளிதழில் செய்தி வராது. ஆனால் நூறு சொற்கள் அன்று திண்ணையை விட்டு இறங்கிவிடும். பாவாணர் தலைமையில் 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் முடிவதற்கு 2011 ஆயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அத்தகைய பெரும்பணிகளுக்கும் உலகவழக்குச் சொல்லே பாதி முதல். அது வரும் ஊற்றுக்கண் இந்தக் கடைகளும் பட்டறைகளும் வயல்களும்தாம்.

தூயதமிழ் பேசும் நம் வீடுகளின் அடுக்களையைத் திறந்து பார்ப்போமா? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், விடை தெரிந்துவிட்டது. மேடையில் 'நெகிழி' என்று தமிழில் சொல்லிவிட்டு, வீட்டில் அந்த நெகிழியிலேயே தண்ணீர் பிடித்து வைத்தால், சொல் தமிழாயிற்று, பொருள் எவருடையது? வெண்கலம் விலை மிகுதிதான், எல்லாராலும் இயலாது. இயன்றவர் ஆண்டுக்கு ஒன்று வாங்குங்கள். இயலாதவர், இருக்கும் பழைய ஏனத்துக்கு ஈயம் பூசிக்கொள்ளுங்கள். மருந்துச் சரக்கையும் வெற்றிலையையும் சீவலையும் கயிற்றையும் அததற்குரிய கடையில் வாங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பத்து மணித்துளி நடந்தால் போதும். வாங்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால், 'இதற்கு என்ன பெயர் ஐயா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட கடைக்காரர் முகம் மலர்வதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். அவரிடம் விலையைத் தவிர வேறெதையும் எவரும் கேட்டு நெடுநாளாயிற்று.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. இருவர் இருவராகப் பிரிந்து ஒரு கடைக்கு ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் குறைந்த நண்பகலில் போங்கள். வாங்க வருவோர் நிற்கும்போது இடையில் புகாதீர்கள். பொருளின் பெயர், அதன் உறுப்புகளின் பெயர், அளவு, செய்முறைக்குரிய வினைச்சொல், இவற்றை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். அயற்சொல்லாய் இருந்தாலும் விடாமல் எழுதுங்கள். பிரித்துப் பார்ப்பது பிறகு. படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள். அடுத்த திங்கட்கூட்டத்தில் மேடைப்பேச்சு வேண்டா. குறிப்பேடுகளைப் படித்து ஒப்பிடுவோம்.

ஏனக்கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் இப்போதே கை தூக்கிவிட்டீர்கள். மருந்துக்கடைக்கு நம் மருத்துவத் தோழர் போவார். பாய்க்கடைக்கும் கயிற்றுக்கடைக்கும்தான் ஆள் இல்லை. அதற்கு இருவரை முடிவு செய்துவிட்டுக் கலைவோம்.