மேசைக்கு உரியவர் யார்?



அயர்லாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்யப்பெற்ற செதுக்கு வேலை மேசைகள் பழம்பொருள் அறிஞரால் பெரிதும் போற்றப்படுகின்றன. மேற்பலகையின் கீழே நடுவில் சிங்கமுகம் அல்லது கிளிஞ்சல். இருபுறமும் படரும் இலைக்கொத்து. தரையைப் பற்றி நிற்கும் விலங்குப் பாதங்கள் என அவை அமையும். அவற்றுக்குரிய மகோகனி மரமோ மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தது. செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் தெரியவில்லை. எனினும் அத்தச்சர்தம் நாட்டின் பெயராவது நிலைத்தது. அதனையும் நெடுங்காலம் இழந்திருந்தோர் சோழமண்டலக் கரையின் தச்சர்கள். அவர்தம் மேசைகளின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

ஹொரேஸ் வால்போல் ஆங்கில இலக்கியத்தில் திகில் புதினத்துக்கு வழிவகுத்தவர். இலண்டனை அடுத்துத் தாம் எழுப்பிய ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்குப் பழமைத் தோற்றம் தர விரும்பினார். 1763ஆம் ஆண்டு ஓர் ஏலத்தில் 2 கருங்காலி மேசைகளையும் 18 நாற்காலிகளையும் வாங்கினார். அவற்றின் கரிய நிறத்தையும் முறுக்குக் கால்களையும் கண்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலேயத் தச்சரின் கைவேலை என்றே நம்பினார். அறிஞர் ஒருவர் நம்பியதைப் பிறரும் நம்பினர். 1842இல் அம்மாளிகைப் பொருள்கள் ஏலத்தில் சிதறிய பின்னும் அக்கருத்து எளிதில் மறையவில்லை.

பிற்கால ஆய்வு உண்மையை வெளிக்கொணர்ந்தது. இவ்வகைக் கருங்காலிப் பொருள்கள் பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டவை. அமின் ஜாஃபர் 2001இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக விளக்குகிறது. கருங்காலி நீரில் மூழ்கும் அளவு கனமானது. உளியின் கூரை விரைவில் மழுங்கச் செய்வது. அத்தகைய மரத்தில் இடைவெளி விடாது பூவும் கொடியும் படரச் செதுக்கியமை எளிய செயலன்று.

அக்காலச் சூழலை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆவடி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு உள்ளது. அங்கு 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690 வரை இக்கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடமாக விளங்கியது. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றனர். தரையில் அமர்ந்து உண்டும் எழுதியும் வந்த மண்ணில், வந்தவர்க்கு உயர்ந்த மேசை தேவைப்பட்டது. நாற்காலி என்பது தமிழ்ச்சொல்; மேசை என்பதோ போர்ச்சுகீசியர் வழி வந்த சொல். சொல் கடல் வழி வந்தது. பொருள் தமிழகம் உள்ளிட்ட இக்கரையில் உருவாகிக் கடல் வழி சென்றது.

வால்போலை மட்டும் குறை கூறுதல் முறையன்று. செய்தவர் பெயரை இங்கும் எவரும் எழுதி வைக்கவில்லை. மகதமும் மராட்டமும் அவந்தியும் யவனமும் தந்த கைவினைஞர் தமிழ் வினைஞரோடு கூடிச் சோழன் மண்டபம் சமைத்ததை மணிமேகலை பாடுகிறது. நாடுகளைச் சொன்ன காப்பியம் ஆட்களின் பெயரைச் சொல்லவில்லை. இயற்பெயர் மறைந்த குறுந்தொகைப் புலவர்க்கு அவர்தம் சொற்றொடரே பெயராயிற்று: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். புலவர்க்குக் கிட்டிய இப்பேறு தச்சர்க்குக் கிட்டவில்லை. அவர் செதுக்கிய கொடிக்கு அயலார் வேறு நாட்டின் பெயரைச் சூட்டினர்.

இக்காலத்தும் நிலை முழுதும் மாறிவிடவில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் காக்கப்பட்டது, மகிழ்ச்சியே. ஆனால் குறியீடு ஊரைக் காட்டுமேயன்றி, உளி பிடித்த கையைக் காட்டாது. ஆவடியில் உருவாகும் கவச ஊர்திகளை நாடு அறியும். அவற்றை இணைத்த கைகளை எவர் அறிவார்?

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் முன் ஒரு வேண்டுகோள். தத்தம் பகுதியில் தேரும் கதவும் வாகனமும் செய்யும் தச்சர்களைச் சென்று காணுங்கள். அவர்தம் பெயரையும், அவர்க்குத் தொழில் கற்பித்தவர் பெயரையும், அவர் வழங்கும் தொழிற்சொற்களையும் எழுதி வையுங்கள். வட்டத்தின் அடுத்த மலரில் கவிதைகளுக்கு அருகே அப்பெயர்களும் இடம்பெறட்டும்.