ஒளியை அளக்கக் கற்றவர்களுக்கு

இன்று பட்டம் பெறும் இயற்பியல் துறை மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே!

வானியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, நான் படித்தது வெறும் பி.எஸ்சி. இயற்பியல்தான். இது போதுமா?" தாராளமாகப் போதும். சென்னை மாநிலக் கல்லூரியில் வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்ததும் இயற்பியல்தான். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தப் பயணத்திலேயே கணக்கிட்டார். சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று நாம் சொல்வது அந்த எல்லையைத்தான். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

நான் படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். நிறமாலைமானியில் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடுகளை அளக்கும்போது இரண்டு வெர்னியரிலும் அளவெடுத்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்திருந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடமாட்டார். அப்போது சலிப்பாக இருந்தது. அதே இரட்டைக் கோடுகளைச் சூரிய ஒளியில் கருங்கோடுகளாகப் பார்த்த அன்றுதான் அந்தக் கண்டிப்பின் அருமை எனக்குப் புரிந்தது.

விண்மீனைத் தொட முடியாது. அங்கிருந்து வரும் ஒளியை வைத்தே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அறிய வேண்டும். நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் செய்ததும் அதுதான். சூரியப்புள்ளியைச் சுற்றியுள்ள மங்கிய வளையத்தில் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் நகர்ந்திருப்பதைக் கண்டார். வாயு அங்கே வெளிநோக்கிப் பாய்கிறது என்பது தெரியவந்தது. வேகம் வினாடிக்கு 2 கிலோமீட்டர் என்று கொண்டால், கோடு நகர்வது அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு! கணினி இல்லாத காலத்தில், ஒளிப்படத் தகடுகளை வைத்து அளந்த அளவு இது. இன்றும் அந்த வாயுப் பாய்வின் பெயர் எவர்ஷெட் விளைவு.

ஆகவே, கருந்துளை பற்றிய காணொளிகளைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணிதத்தையும் நிறமாலையியலையும் புள்ளியியலையும் கைவிட்டுவிடாதீர்கள். நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைநோக்கியில் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். மகனை அனுப்புவதுபோல மகளையும் தைரியமாக அனுப்புங்கள்.

மாணவர்களே, நீங்கள் வங்கி வேலைக்குப் போனாலும் ஆசிரியராக வகுப்பறைக்குப் போனாலும், எந்த அளவைச் சொன்னாலும் அதன் பிழை வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள். மேலே படிக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள். உங்கள் பட்டம் அதற்குப் போதுமானது.