வெளிச்சத்தை விலைக்கு வாங்கும் பயிர்

(புசல்லாவையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



சென்ற கிழமை இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். "ஐயா, கஞ்சா வளர்ப்பதற்கு அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாமே, லயத்துக்குப் பின்னாலிருக்கும் துண்டு நிலத்தில் நாங்களும் போடலாமா?" என்று கேட்டார். இக்கேள்வியைக் கேட்டு நகைப்பவர் இருக்கலாம். நான் நகைக்கவில்லை. ஒரு தலைமுறைக்குச் சொந்தக் காணி இல்லையென்றால், எந்தப் பயிரின் பெயரைக் கேட்டாலும் அதன் உள்ளம் துள்ளத்தான் செய்யும். ஆகவே அவருக்குச் சொன்ன விடையையே இம்மேடையிலும் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சட்டம். 1929-ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் உயிரோடிருக்கிறது. அனுமதிப்பத்திரமின்றி ஒரே ஒரு செடியை நட்டாலும் அது குற்றமே. 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்துவிட்டது. அவ்வாசலுக்குள் நுழைந்ததும் இந்தச் செடிக்குப் பெயரே மாறிவிடுகிறது. திரைலோக்ய விஜய பத்திரம் என்பார்கள். நீதிமன்றத்தில் ஒரு பெயர், மருந்தகத்தில் இன்னொரு பெயர்! வழக்கு முடியும்வரை சான்றுப்பொருளாகக் கிடந்து உலர்ந்த சரக்கே பின்னர் மருந்துக்குப் போனதும் உண்டு.

இனி அனுமதியைப் பற்றி. 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையில் ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை பற்றிப் பேசப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு, மீரிகமையில் 64 ஏக்கரில், ஏற்றுமதிக்கென மட்டும் வளர்ப்பதற்கு முதலீட்டுச் சபை இணக்கம் அளித்தது. அந்த எழுவரில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. லயத்துப் பின்புறத்துக்கு அந்த அனுமதி வராது. ஆதலால் இளைஞரின் கேள்விக்குச் சட்டம் தரும் விடை ஒரே சொல்: கூடாது.

"சரி, நாளை சட்டம் மாறினால்?" என்று அவர் மறுபடியும் கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளை! அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. செடியின் உடம்பில் இருக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் மழை மட்டுமன்று. பருவம் தப்பி நட்ட பழைய சம்பா நெல் இலையாகவே வளர்ந்து நிற்கும். பகல் குறுகினால்தான் கதிர் தள்ளும். கஞ்சாவும் அச்சாதியே. இந்த உண்மையை முதலில் கண்டவர்களுள் ஒருவர் ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சுக்காரர். கஞ்சாவையும் ஹொப் கொடியையும் வைத்தே அவர் ஆராய்ந்தார். பகலைக் குறுக்கினால் செடி இளமையிலேயே பூத்துவிடுவதை 1912 அளவில் எழுதினார். 1914-இல் போர் அவரைக் கொண்டுபோயிற்று. 1920-இல் கானர், அலர்ட் என்ற இரு அமெரிக்கர் புகையிலையை வைத்து அதையே உலகறிய நிலைநாட்டினர். 1938-இல் ஹாம்னர், பொன்னர் இருவரும் மருளூமத்தையில் சோதித்து, செடி கணக்கெடுப்பது பகலையன்று, இரவையே என்று காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கேற்றினாலே போதும். செடி கணக்குத் தவறிப் பூவாது நின்றுவிடுகிறது.

இந்த அறிவின்மேல்தான் இன்றைய கஞ்சாத் தொழில் கட்டப்பட்டிருக்கிறது. கொட்டகைக்குள் நாளொன்றுக்கு 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்று வைத்துச் செடியை வளர்த்தெடுக்கிறார்கள். உயரமும் கிளையும் போதுமென்றானதும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என மாற்றுகிறார்கள். இருட்டு என்றால் கதவிடுக்கில் ஒளி கசியாத இருட்டு. அது கெட்டால் பெண் செடியில் ஆண் பூ தோன்றி விளைவைப் பழுதாக்கவுங்கூடும். எட்டுப் பத்துக் கிழமைகளில் பூ முற்றுகிறது.

நம் புசல்லாவை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையளவில் இருக்கிறது. ஆனியில் நமது மிக நீண்ட பகல் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி. மார்கழியில் மிகக் குறுகியது பதினொன்றே முக்கால் மணி. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஐம்பது நிமிடத்துக்குச் சற்று முன்பின். இலண்டனில் ஆனிப் பகல் பதினாறரை மணிக்கும் மேல். குளிர்நாட்டிலே வளர்த்தெடுத்த இனத்தை இங்கே வெட்டவெளியில் நட்டால், முழங்கால் உயரத்திலேயே பூக்காலம் வந்துவிட்டதென்று அது எண்ணிக்கொள்ளும். செடியும் சிறிது, பூவும் சிறிது. அதை ஏமாற்ற இரவில் விளக்கு வேண்டும். மே மாதம் தொடங்கும் நம் மலை மழையும் மூடுபனியும் பூவைப் பூஞ்சணம் பிடிக்கவைக்கும். ஆகவே கூரையும் வேண்டும், காற்றாடியும் வேண்டும்.

கணக்குப் பாருங்கள். 600 வாற்று விளக்கு ஒன்று 18 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 10.8 அலகு மின்சாரம். முப்பது நாளுக்கு 324 அலகு. அதுவும் ஒரே விளக்கு! உங்கள் காம்பிராவின் மாதக் கட்டணச் சிட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூரிய ஒளியோடு கூரை அமைத்து, இரவில் மட்டும் சில மணி நேரம் மெல்லிய விளக்கேற்றுவோருக்குச் செலவு குறையும். ஆயினும் கூரை, வேலி, காவல், ஆய்வுகூடச் சான்று ஆகியவற்றின் செலவு குறையாது.

நம்மூர் வெயிலுக்குப் பழகிய நாட்டினம் இல்லையா என்பீர்கள். உண்டு. விளக்கின்றியே வளரும். ஆனால் மருந்து வாங்குபவன் ஒவ்வொரு பூவிலும் ஒரே அளவுச் சத்து வேண்டுமென்கிறான். அந்த உறுதியை நாட்டினத்துக்கு யாரும் உழைத்துத் தேடிக்கொடுக்கவில்லை. பகலைப் பாராது நாட்கணக்கில் பூக்கும் வடதேச இனமும் உண்டு. அதற்கு விதை வெளியிலிருந்து வரவேண்டும். எப்பக்கம் திரும்பினாலும், முதல் போட்டவனுக்கே வழி திறந்திருக்கிறது.

இம்மலைக்கு இது புதிய கதையன்று. 1841-இல் வோர்ம்ஸ் சகோதரர் இதே புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலையை நட்டுப் பார்த்தார்கள். இலாபமென்று அன்று எவரும் அதைத் தொடரவில்லை, கோப்பியே அரசனாயிருந்தது. 1869-இல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது. பிறகு கொய்னா மருந்துக்கான சிங்கோனாவுக்குத் துரைமார் ஓடினார்கள். அதுவும் மருந்துப் பயிரே என்பதை நினைவிற்கொள்க! 1880-களில் எல்லோரும் நட்டார்கள், பட்டை சந்தையில் குவிந்தது, விலை விழுந்தது, மரங்களைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். நட்டவனும் பிடுங்கியவனும் நம் பாட்டன்மாரே. இலாபம் வந்தபோது அவர்கள் பங்காளிகளல்லர். நட்டம் வந்தபோது மட்டும் பங்கு கிடைத்தது.

தேயிலையிலும் இந்த ஒளியின் வேலை இருக்கிறது. அசாமிலே குளிர்காலத்துப் பகல் குறுகினால் தேயிலை உறங்கிவிடும். நம் மலையிலோ பன்னிரண்டு மணி வெளிச்சம் ஆண்டெல்லாம் மாறாதிருப்பதால் பன்னிரண்டு மாதமும் கொழுந்து துளிர்க்கிறது. அந்த வெளிச்சத்துக்குக் கொம்பனிகள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதனால் ஓய்வின்றி ஏறியிறங்கிய கால்களுக்குக் கொடுத்தது எவ்வளவென்று இங்குள்ள தாய்மார் அறிவர்.

ஆகவே அவ்விளைஞருக்கு நான் சொன்னது இது: தம்பி, விளக்கு வைக்கும் வித்தையைக் கற்றுக்கொள், கஞ்சாவுக்காக அன்று. கிரிசாந்திமம் என்ற மலரும் இதே போல இரவைக் கணக்கெடுக்கும் செடி. பெங்களூர், ஓசூர்ப் பக்கங்களில் இரவில் வரிசையாக மின்விளக்குத் தொங்கவிட்டு அதன் தண்டை நீளவைத்து, வேண்டிய கிழமைக்குப் பூக்கச் செய்கிறார்கள். பொலித்தீன் கூடாரமும் சிறு விளக்குகளும் போதும், பொலிஸ் வராது. சந்தையை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் இறங்கினால் அதிலும் கை சுடும் என்பதையும் சொன்னேன்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது வேறு. மலைநாட்டில் நாளை கஞ்சாவுக்கு அனுமதி கொடுப்பதாயின், ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்கே இன்னும் காத்திருக்கும் மக்களின் நிலத்தையோ மரக்கறி நிலத்தையோ கூடாரத்துக்கென அளந்து கொடுக்கலாகாது. நம் பகலுக்கு ஏற்ற இனத்தைப் பேராதனையில் அரசாங்கச் செலவிலேயே ஆராய்ந்து, அதன் உரிமையைப் பொதுவில் வைக்க வேண்டும். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அனுமதிப்பத்திரம் பெறும் தகுதி வேண்டும். கோடி ரூபா வைப்புப் பணம் கேட்டால் அந்தத் தகுதி வெறும் எழுத்தே.

இவற்றை மூன்று பக்க மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துத் திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் மறவாது குறித்துக் கையொப்பமிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பளைக்கு எடுத்துச் செல்கிறோம்.