பழுதும் பதிப்பும்



செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து மேற்கே சென்றால் திருப்பெரும்புதூர். அங்கிருந்து தெற்கே ஒரகடம். ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த இந்நிலப்பகுதி இன்று ஆலைகளின் நிலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி, 2014இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2019இல் ஒரகடம் பகுதியில் ஜப்பானிய யமஹா நிறுவனத்தின் இசைக்கருவி ஆலை எழுந்தது. புதியன செய்யும் திறன் இங்குப் பெருகியிருக்கிறது. பழையதைப் பிழைக்க வைக்கும் திறன் என்னவாயிற்று என்பதே இன்று எண்ணிப் பார்க்கவேண்டிய வினா. அதற்கு விடைதேட, ஜப்பானிலிருந்து வந்த பழைய பொருளொன்றையே எடுத்துக்கொள்வோம். அது 1960களின் வால்வு ஸ்டீரியோ ரிசீவர்.

வானொலியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய கருவி அது. 1961இல் அமெரிக்காவில் ஸ்டீரியோ பண்பலை ஒலிபரப்பு தொடங்கியபின் அதற்குப் பெருந்தேவை எழுந்தது. சான்சுய், ட்ரையோ, பயனியர் முதலான ஜப்பானிய நிறுவனங்கள் அத்தேவைக்கு ஈடுகொடுத்தன. மின்மாற்றி செய்யும் தொழிலில் 1947இல் தொடங்கிய சான்சுயின் பெயருக்கு 'மலையும் நீரும்' என்பது பொருள். நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட மரபில் வந்தோர்க்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. அந்நிறுவனமும் 2014இலேயே நொடித்துப்போயிற்று. செய்தவர் மறைந்தபின் பொருள் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆசிரியர் மறைந்தபின் ஏடு எஞ்சி நிற்பதைப் போல.

தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தவை மர்பி, பிலிப்ஸ், புஷ் வானொலிகளே. ஜப்பானிய ரிசீவர் அரிதாகவே இக்கரை சேர்ந்தது. சேர்ந்தபின்னும் அதற்கு அந்நிய வாழ்க்கைதான். ஜப்பானின் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், இங்கோ 230. அந்நாட்டு வீடுகளுக்கென்றே செய்த பெட்டியை இடையில் மின்மாற்றியின்றி இங்குள்ள சுவரில் செருகினால் நொடியில் கருகும். பண்பலை முள்ளைத் திருப்பினாலும் அது நெடுங்காலம் வெற்றிரைச்சலையே தந்திருக்கும். சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது 1977இல்தான்.

இனி, செப்பனிடும் முறையைக் காண்போம். பல்லாண்டு உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைப்பவர் கைதேர்ந்தவர் அல்லர். நம் ஊர்ப் பழுதுபார்ப்போர் ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, அதன் வழியாகவே முதல் மின்சாரத்தைச் செலுத்துவர். உள்ளே பழுதிருப்பின் பல்பு பளீரென எரியும், பெட்டி தப்பும். பல்பு மங்கலாக நின்றால் மேற்கொண்டு செல்லலாம். விலை குறைந்த பொருளைக் கொண்டு அரும்பொருளைக் காக்கும் இம்முறை, அனுபவம் தந்த அறிவாகும்.

அடுத்தது ஆய்வு. கண்ணாடிக் குழலான வால்வு பெரும்பாலும் நெடுநாள் உழைக்கும். முதலில் கெடுவது கண்டன்சர். காகிதத்தாலானது ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும்; வேதிநீர் கொண்டது உலர்ந்துபோகும். இரு நிலைகளை இணைக்கும் சிறு கண்டன்சர் ஒன்று கசிந்தால் போதும். வெளியீட்டு வால்வு அளவுமீறிச் சூடேறி உட்தகடு சிவக்கும். அதைத் தொடர்ந்து மின்மாற்றியும் எரியலாம். அற்பமெனத் தோன்றும் ஓரெழுத்துப் பிழை பாட்டின் பொருளையே கெடுப்பது போன்றது இது. பெட்டியை அணைத்தபின்னும் கண்டன்சரில் உயிர்குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை மின்தடை வழியே வடித்த பிறகே கைவைக்கவேண்டும்.

இங்கே இருவகை மனிதர்களைக் காணலாம். ஒருவர் வால்வுகளைக் களைந்தெறிந்து, பழைய மரப்பெட்டிக்குள் புதிய சில்லுப் பலகையைப் பொருத்திப் பளபளப்பாக்கித் தருவார். பெட்டி பாடும், ஆயினும் பாடுவது அந்தப் பெட்டி அன்று. இலக்கிய உலகில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். மற்றவர் கெட்டதை மட்டும் மாற்றுவார், நல்லதைத் தொடமாட்டார், எதை எப்போது மாற்றினார் என்று குறித்து உள்ளே ஒட்டிவைப்பார். ஒரு பெட்டியில் உண்மை விளங்காதபோது அதே வகையான இன்னொரு பெட்டியைத் தேடி ஒப்புநோக்குவார். பிரதி ஒப்பிடல் என்பது இதுவே.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. சங்க நடையில் இரு பாடல்கள் புனைந்து அவ்விடத்தை நிரப்ப அப்புலமைக்கு இயலாதா? இயலும், ஆனால் அவர் செய்யவில்லை. அந்த எண்கள் இன்றும் பாடலின்றியே நிற்கின்றன. அவ்வெற்றிடமே எஞ்சிய பாடல்களுக்கு நம்பகத்தைத் தருகிறது. மாற்றியதை மறைக்காத பழுதுபார்ப்பவரின் துண்டுச்சீட்டுக்கும் அவ்வெற்றிடத்துக்கும் அறம் ஒன்றே.

2015 டிசம்பர் பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, நனைந்த கருவிகள் தெருவோரங்களில் குவிந்தன. அவற்றில் உலர்த்திச் செப்பனிடத்தக்கவை எத்தனையோ இருந்திருக்கும். உலர்த்தும் பொறுமையும், எது பிழைக்கும் என்று சொல்லும் கையும் இருந்தால் அல்லவா அவை பிழைத்திருக்கும்? அக்கைகள் குறைந்துவருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பொருள் இன்றும் கிடைக்கிறது. வால்வு அறிந்தவர் கிடைப்பதுதான் அரிது. அவர்களோடு மறைவது தொழில் மட்டுமன்று. கசிவு, இரைச்சல், கரகரப்பு, முனகல் என ஒவ்வொரு பழுதையும் ஒலியால் பிரித்தறிந்து பெயரிட்ட ஒரு சொல்லுலகமும் உடன் மறைகிறது. உழவர் சொற்களையும் மீனவர் சொற்களையும் தொகுத்த தமிழ், பழுதுபார்ப்போரின் சொற்களையும் ஏட்டில் ஏற்றவேண்டும்.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இதுவும் ஒன்றாகட்டும். சொல்லைத் தொழிலாகக் கொண்ட பாவலர்கள் பட்டறைப் படியேறிச் சென்று, கேட்டு, எழுதிவைக்கட்டும். கேட்டதை உள்ளவாறே எழுதுக. விளங்காத சொல்லைத் திருத்தவேண்டா. கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடுக.