கண்ணாடியில் எழுதும் ஒளி

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரை)



எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கினால், கடைக்காரரிடம் நாம் முதலில் சொல்லுவது என்ன? "பெயர் வெட்டிக் கொடுங்கள்" என்பதுதான். கலியாணச் சீரானாலும், காதுகுத்துக்குச் செய்யும் முறையானாலும், பாத்திரத்தில் பெயரும் தேதியும் இல்லாவிடில் நம்மவர்க்கு மனம் நிறைவதில்லை. கடையின் ஓரத்தில் ஒருவர் அமர்ந்து, துடிக்கும் ஊசிமுனையைக் கையில் பிடித்து, கிர்ரென்ற ஓசையுடன் எழுத்துக்களைப் பொறிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே ஊசியைக் கண்ணாடித் தம்ளர் மீது வைத்து அழுத்தினால் தம்ளர் விண்டு போனாலும் போகும். தொடாமலே, ஒளியைக் கொண்டே கண்ணாடியில் பெயர் பொறிக்கும் யந்திரம் ஒன்றைப் பற்றிக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முன் வரிசையில் உள்ள பெரியவர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுவினரும், படித்து முடித்து ஊரிலேயே தொழில் நடத்த விரும்பும் இளைஞரும் இத்தகைய யந்திரம் வாங்கக் கடன் தேடுகின்றனர். அவர்கள் முதலில் யோசனை கேட்பது உங்களிடந்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்லுகிறோம். இளைஞர் ஒருவர் வங்கிக் கடன் போதாமல், தாயாரின் நகையையும் அடகு வைத்து லேசர் யந்திரம் ஒன்று வாங்கினார். "இரும்பு, பித்தளை, கண்ணாடி எதுவானாலும் பொறிக்கும்" என்று விற்றவர் வாக்களித்திருந்தார். எவர்சில்வரில் அது அழகாகவே பொறித்தது. ஒரு கலியாண வீட்டாருக்கு இருநூறு கண்ணாடித் தம்ளரில் மணமக்கள் பெயரைப் பொறித்துத் தருவதாக அவர் முன்பணமும் பெற்றுக்கொண்டார். முதல் தம்ளரை வைத்து யந்திரத்தை இயக்கினார். தம்ளர் வைத்தது வைத்தபடியே இருந்தது. மணமக்கள் பெயரோ அடியிலிருந்த கறுப்புத் தகட்டில் விழுந்திருந்தது! யந்திரத்தில் பழுது ஒன்றுமில்லை. அதன் ஒளி கண்ணாடிக்கு உரிய ஒளியன்று, அவ்வளவே. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்று பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக் கடனை மெல்ல மெல்ல அடைத்து வருகிறார்.

ஒளியில் இத்தனை வகையா?

லேசர் என்பது ஒரே நிறமுடைய ஒளியை ஒரே திசையில் கற்றையாகச் செலுத்தும் சாதனம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செயற்கைக் கெம்புக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். ஒளியின் வகையை அதன் அலை நீளத்தால் அளப்பர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் கண்ணுக்குப் புலப்படுவது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியே.

அந்த இளைஞர் வாங்கியது ஃபைபர் லேசர். அதன் ஒளி 1064 நானோமீட்டர். உலோகம் அதனை ஏற்கும். கண்ணாடியோ, சன்னல் வழியே வெயில் நுழைவது போல அதனை உள்ளே விட்டுவிடும். கரியமில வாயு லேசர் என வேறொன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் கரும்பு விளையும் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் கண்டுபிடித்தது அது. அதன் ஒளி 10,600 நானோமீட்டர். இதனைக் கண்ணாடி மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உறிஞ்சியவுடன் சூடேறி, நுண்ணிய விரிசல் விட்டு, சில்லுச் சில்லாகப் பெயரும். பெரிய எழுத்துக்களுக்கு அது போதும். நுட்பமான வேலைக்கு ஆகாது.

மூன்றாவதுதான் புற ஊதா லேசர். 1064 நானோமீட்டர் ஒளியையே சில படிகங்களின் வழியே செலுத்தி, அலை நீளத்தை மூன்றில் ஒரு பங்காக, 355 நானோமீட்டராகக் குறைத்து விடுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியிலும் பெரும்பகுதியை உள்ளே விடக்கூடியதே. எனினும், ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கி, அவற்றுள் பத்து இருபது கூறு நேரத்துக்குள் அவ்வளவு ஒளியையும் தலைமயிரினும் மெல்லிய புள்ளியில் குவித்தால், கண்ணாடியால் அதனைத் தாங்க இயலாது. அந்தப் புள்ளியில் மட்டும் மணல் துகளினும் சிறிதாகப் பெயர்ந்து வெண்மை காட்டும். சுற்றுப்புறம் அதிகம் சூடாவதில்லை. ஆகவே சில்லுப் பெயர்வதும் குறைவு.

பிளாஸ்டிக்கில் அது வேலை செய்யும் விதம் வேறு. களத்து மேட்டில் போட்டு வைத்த பிளாஸ்டிக் வாளி இரண்டு கோடைக்குப் பின் நிறம் மங்கி, தொட்டால் நொறுங்குவதைக் கண்டிருப்பீர்கள். வெயிலிலுள்ள புற ஊதா ஒளி செய்யும் வேலை அது. வெயில் ஆண்டுக் கணக்கில் பரவலாகச் செய்வதை, இந்த யந்திரம் நொடிப் பொழுதில் எழுத்து வடிவில் செய்கிறது என்று கூறலாம். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள வண்ணப் பொடி இவ்வொளியால் கருமை அடைகிறது. மையின்றியே எழுத்து விழுகிறது. மருந்துப் புட்டி மூடி, மின்கம்பி உறை ஆகியவற்றில் அழியாத எண்களைப் பொறிப்பது இவ்வாறே.

ஒரு வான்கோழி எலும்பின் கதை

இத்துறையில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தில் ரசாயனம் பயின்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தில் பணியாற்றியவர். 193 நானோமீட்டர் புற ஊதா லேசர், பிளாஸ்டிக்கைக் கருக்காமல் அடுக்கடுக்காகச் சீவி எடுப்பதை அவர் கண்டார். உயிர்ப் பொருளிலும் இப்படி நிகழுமா என்ற கேள்வி எழுந்தது. 1981 நவம்பரில், அந்நாட்டு நன்றியறிதல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வுக் கூடத்துக்கு எடுத்துச் சென்று அவ்வொளியைச் செலுத்தினார். வெட்டு மிகச் சுத்தமாக விழுந்தது. பச்சை நிற லேசர் பட்ட இடமோ கருகிக் கிடந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்னும் தோழர்களுடன் அவர் கண்ட இவ்வுண்மையே பின்னர், கண்ணின் கருவிழியைச் சீவிப் பார்வையைத் திருத்தும் லேசர் சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. அதற்காக மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013இல் வழங்கப்பட்டது. கண்ணாடி பொறிக்கும் யந்திரத்துக்கும் இதற்கும் அலை நீளம் வேறு; குடும்பம் ஒன்றே.

கண்ணுக்கு ஒளி தரும் இதே இனம், அஜாக்கிரதையால் கண்ணைக் கெடுக்கவும் வல்லது. 355 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பட்ட பின்னரே தீங்கு தெரியும். கடைத்தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் பயன்படாது. அந்த அலை நீளத்துக்கென்றே செய்த காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். யந்திரமும் முழுதும் மூடிய பெட்டிக்குள் இருப்பது நலம். புகையும் கண்ணாடித் தூசியும் வெளியேற உறிஞ்சு விசிறி அவசியம். பி.வி.சி. குழாய்த் துண்டுகளை ஒருபோதும் இதில் வைக்கலாகாது; அவற்றின் புகையிலுள்ள அமிலம் நுரையீரலையும் கெடுக்கும், யந்திரத்தையும் அரிக்கும். சிறுவர் வேடிக்கை பார்க்கும் இடத்தில் இதனை அமைக்கவே கூடாது. இவ்விஷயத்தில் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகவே பேசுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி. ஒரே சக்தியுள்ள ஃபைபர் லேசரைவிடப் புற ஊதா லேசருக்கு விலை அதிகம். அதன் ஒளியூற்றும் உழைக்க உழைக்கச் சக்தி குன்றும். மாற்றுவதற்கான செலவை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். மரத்தில் ஆழமாகச் செதுக்கவோ, கல்வெட்டுப் பொறிக்கவோ இதனை வாங்குவது வீண். ஊரில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் வேலைதான் மிகுதி என்றால் ஃபைபர் லேசரே போதும். நினைவுப் பரிசுக் கண்ணாடி, பீங்கான் கோப்பை, பிளாஸ்டிக் பொருள் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் நிச்சயமான வேலை இருந்தால்தான் இதைப் பற்றி எண்ணலாம். டஃபன்ட் என வழங்கும் பதப்படுத்திய கண்ணாடி, பொறிக்கையில் முழுவதுமாக நொறுங்கக்கூடும். அத்தகைய வேலையை ஏற்குமுன் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கடன் கேட்டு வருவோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இது: விற்பவர் காட்டும் மாதிரியை நம்பாமல், நம் வீட்டுத் தம்ளரையே எடுத்துச் சென்று, நம் கண் முன்னே பொறித்துக் காட்டச் சொல்லட்டும். ஒளியின் அலை நீளமும் சக்தியும் விலைச் சீட்டில் எழுத்தால் இருக்கட்டும். பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதையும் அப்போதே கேட்கட்டும். மேற்சொன்ன இளைஞர் இம்மூன்றில் ஒன்றையேனும் செய்திருந்தால் தாயாரின் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

உணவுக்குப் பின், பக்கத்துக் கூடத்தில் யந்திரம் ஒன்றை இயக்கிக் காட்ட இருக்கிறோம். ஒரு முறைக்கு நால்வராக உள்ளே வரலாம். காப்புக் கண்ணாடி நான்குதான் இருக்கிறது.