சிட்டுக்குருவியின் பங்கு

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் மொட்டைமாடியில் தானியம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வைப்பது சிட்டுக்குருவிக்கு, தின்றுவிட்டுப் போவதோ புறாவும் காக்காயும். குருவியின் எடை 30 கிராம் இருந்தாலே அதிகம். மாடப்புறா அதைப்போலப் பத்து மடங்கு. அது வந்து உட்கார்ந்தால் குருவி எங்கே அண்டும்?

புறாவைக் கல்லால் விரட்ட வேண்டாம், அதுவும் பசித்த உயிர்தான். தானியம் வைக்கிற விதத்தை மாற்றினால் போதும். அந்தக் காலத்தில் வீட்டு முகப்பில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆடுகிற கதிரில் குருவி தொற்றிக்கொண்டு கொத்தும்; கனத்த புறாவுக்கு அதில் கால் நிற்காது. கரிசல் காட்டில் விளைகிற கம்மங்கதிரையும் அப்படியே கட்டலாம்.

தட்டில்தான் வைப்பேன் என்றால், ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூண்டுக்குள், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். குருவி நுழையும், காக்காயின் அலகு எட்டாது. கீழே சிந்தியதை அன்றன்றே கூட்டிவிடுங்கள், புறாவை வரவழைப்பதே அதுதான். காக்காய்க்குச் சோறு வைக்கும் வழக்கத்தை விட வேண்டாம். மாடியின் வேறு மூலையில் வையுங்கள்.

கூடு வைக்க ரசாயனம் படாத புது அட்டைப்பெட்டி போதும். 32 மில்லிமீட்டர் துளை போட்டால் மைனாகூட நுழையாது. மழை படாத நிழலில் கட்டுங்கள். குஞ்சுகளுக்குத் தாய்க்குருவி ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான். ஆகவே செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மண்சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள்.